கேசினோவுக்கு இடம் பார்ப்பது

(சிங்கப்பூரில் குடும்பநலத் தொண்டூழியர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சூதைப் பற்றிப் பேச வந்தவன் தருமரிடமிருந்துதான் தொடங்குவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கௌடில்யரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் கதை சொல்லவில்லை, நிர்வாகம் சொன்னார். அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்றே ஓர் அதிகாரி உண்டு. ஊரில் சூது ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். வேறு இடத்தில் ஆடினால் 12 பணம் அபராதம். வென்றவன் கையிலிருந்து நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. ஏன் ஒரே இடம்? மறைந்து பிழைப்பவர்களை அங்கே எளிதாகப் பிடிக்கலாம் என்பதற்காக. ஆக, காவலுக்குக் காவல், வரிக்கு வரி. ஆடப் போனவனின் வீட்டில் அன்று இரவு உலை வைத்தார்களா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அரசுகள் சூதாட்டக்கூடத்துக்கு இடம் பார்க்கும்போது இன்றைக்கும் காவலும் வரியும்தான் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. வீடு பின்னிணைப்பில் வருகிறது.

நம் தீவுக்கு இந்த வழக்கு புதிதல்ல. 1820ல் பிரிட்டிஷ் நிர்வாகி வில்லியம் ஃபார்குவார் சூதாட்டக் கடைகளுக்கு உரிமம் கொடுத்துப் பணம் திரட்டினார். குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் திரும்பி வந்து, 1823ல் எல்லாவற்றையும் தடை செய்தார். அவர் கப்பலேறியதுதான் தாமதம், அடுத்து வந்த ஜான் கிராஃபர்ட் மறுபடி திறந்துவிட்டார். 1829ல் மறுபடி மூடினார்கள். பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை திறப்பு, இரண்டு முறை மூடல். தடை போட்டவர் அறத்தைச் சொன்னார், திறந்தவர் கஜானாவைக் காட்டினார். இரண்டு பேரும் பேசியது ஒரே விஷயத்தை என்று எனக்குத் தோன்றவில்லை.

1968ல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு நிறுவனம் வந்த கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கள்ளச் சூதை ஒடுக்க அரசே சீட்டு விற்றது. காலாங்கில் பழைய தேசிய விளையாட்டரங்கம் எழுந்ததில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டு 2004க்கு வருவோம்.

2004 மார்ச்சில் வர்த்தக, தொழில் அமைச்சர் ஜார்ஜ் இயோ கேசினோ பேச்சை எடுத்தார். அதற்குப் பிறகு ஓராண்டு காப்பிக்கடை மேசைகளில் வேறு பேச்சில்லை. சமய அமைப்புகள் எதிர்த்தன, கையெழுத்து இயக்கம் நடந்தது, அமைச்சரவைக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. 2005 ஏப்ரல் 18ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் முடிவைச் சொன்னார்: ஒன்றல்ல, கேசினோவோடு கூடிய இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்கள், ஏறக்குறைய 35,000 வேலைகள். 2010 பிப்ரவரி 14ஆம் தேதி, சீனப் புத்தாண்டின் முதல் நாளன்று, செந்தோசாவில் கூடம் திறந்தது. ஏப்ரல் 27ல் மெரினா பே. 2009ல் 97 லட்சமாக இருந்த சுற்றுப்பயணிகள் எண்ணிக்கை 2011ல் 1 கோடியே 32 லட்சத்தை எட்டியது. உலகப் பொருளியல் மந்தத்திலிருந்து மீண்ட காலம் அது என்பதால் முழுப் பெருமையையும் கேசினோவுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் திட்டம் போட்டவர்கள் சொன்னது பலித்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மை ஆகாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நாடு கேசினோவை அனுமதிப்பது என்று முடிவெடுத்துவிட்டால், எங்கே வைப்பது? அந்த ‘எங்கே’வை எதை வைத்து முடிவு செய்வது?

தூரத்தை வைத்து என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் பதில். அதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய அளவில் சூதாட்டத்தின் தாக்கத்தை ஆராய்ந்த ஆணையம் 1999ல் அறிக்கை தந்தது. கேசினோவிலிருந்து 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களிடையே சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதற்காக நடந்த ஆய்வு காட்டியது. எண்பது கிலோமீட்டர்! நம் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஐம்பதுகூடத் தேறாது. அந்த அளவுகோலை வைத்தால் சிங்கப்பூரில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் கேசினோ வாசலில்தான் குடியிருக்கிறோம்.

சரி, தூரம் இருக்கிற நாடு என்ன செய்தது? தென் கொரியாவைப் பாருங்கள். அங்கே வெளிநாட்டினருக்கான கேசினோக்கள் பல உண்டு. கொரியர்கள் நுழையக்கூடியது ஒன்றே ஒன்று. காங்வொன் மாநிலத்து மலைகளுக்குள், சியோலிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், சொங்சொன் என்ற வட்டாரத்தில் இருக்கிறது. அது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டு, வேலை போய், ஊர் காலியாகிக்கொண்டிருந்தபோது, 1995ல் சிறப்புச் சட்டம் இயற்றி, ஊரைத் தூக்கி நிறுத்தக் கேசினோ என்று முடிவெடுத்தார்கள். 2000ல் திறந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான். தலைநகரின் சம்பளக்காரர்களிடமிருந்து தொலைவு, வாடிய ஊருக்கு வருமானம். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

நடந்தது என்ன? மலையடிவாரச் சிற்றூரில் அடகுக்கடைகள் வரிசை கட்டின. மூன்று மணி நேரம் காரோட்டி வந்தவன் தோற்றபின் அடகு வைக்கக் கையில் மிஞ்சுவது அந்தக் கார்தான். அடகுக்கு விட்ட கார்கள் தூசி படிந்து நிற்கும் காட்சியைக் கொரியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. கார் போனபின் ஊர் திரும்ப முகமில்லாமல் மலிவு விடுதிகளிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பிறகு ஒருவர் மாதத்துக்கு 15 நாள்தான் நுழையலாம் என்று வரம்பு போட்டார்கள். பதினைந்து நாள் என்பது வரம்பா, வேலை நேர அட்டவணையா என்று கேட்கத் தோன்றுகிறது. யாருக்காக அந்தக் கூடம் கட்டப்பட்டதோ, அந்தச் சுரங்க வட்டார மக்கள் மட்டும் மாதம் ஒரு நாள்தான் உள்ளே போகலாம். இந்த ஒரு விதியை எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. வேலை கொடு, பக்கத்தில் இருப்பவனை மேசைக்கு விடாதே.

தூரம் பாதி வேலைதான் செய்யும் என்பதே இதில் எனக்குத் தெரிவது. போகிற போக்கில் எட்டிப் பார்ப்பவனை அது தடுக்கும். பழக்கம் முற்றியவனை அது தடுப்பதில்லை, அவன் வீட்டிலிருந்து அவனைத் தொலைவாக்கிவிடுகிறது. வீட்டுக்கு அருகில் தோற்பவனைத் தேடி மனைவியோ அண்ணனோ போகலாம். மலை மேல் தோற்பவனைத் தேடி யார் போவது?

கெந்திங் மலைக் கேசினோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்கும் பழகிய இடம். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரம். மலேசிய அரசு தூரத்தை நம்பவில்லை, முஸ்லிம்கள் நுழையக்கூடாது என்று வாசலில் தடுத்தது. நாட்டின் பெரும்பான்மையினர் வாசலுக்கு வெளியே. சரியா தவறா என்பது வேறு விவாதம். இடத்தைப் பார்ப்பதைவிட வாசலைப் பார்ப்பது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூர் செய்ததும் அதேதான். தூரம் இல்லாத ஊரில் சட்டத்தால் ஒரு தூரத்தைக் கட்டினார்கள். மெரினா பேயில் கூடத்தின் வாசலில் போய் நின்று பாருங்கள். இரண்டு வழிகள். ஒன்று குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், மற்றது வெளிநாட்டினருக்கு. நம் வழியில் அடையாள அட்டையைக் காட்டி, 150 வெள்ளி கட்டினால் 24 மணி நேரம். ஆண்டுக்கு என்றால் 3,000 வெள்ளி. 2019 ஏப்ரல் வரை இது 100, 2,000 என்றிருந்தது. கட்டணம் கேசினோ முதலாளிக்குப் போவதில்லை, அரசின் டோட் வாரியத்தின் வழியாகப் பொதுக் காரியங்களுக்குப் போகிறது. 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. உள்ளே ஏடிஎம் கிடையாது. பெரும்பணம் முன்வைப்பாகக் கட்டியவர்களைத் தவிர உள்ளூர்க்காரருக்குக் கேசினோ கடன் கொடுக்கக்கூடாது. 2010ல் குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து கூடங்களுக்குப் பேருந்து ஓடியபோது அதையும் நிறுத்தவைத்தார்கள். எனக்கு இந்தப் பேருந்து விவகாரம்தான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பேட்டையின் அடிவாரத்தில் பேருந்து வந்து நின்றால் செந்தோசா அடுத்த தெரு ஆகிவிடுகிறது, வரைபடம் என்ன சொன்னாலும் சரி.

150 வெள்ளிக் கட்டணத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்பவனை அது திருப்பி அனுப்பும். ஆனால் கட்டி உள்ளே போய்விட்டவனுக்கு முதல் நிமிடமே 150 நஷ்டம். கட்டியதையாவது எடுத்துவிட்டு எழுவோம் என்று உட்கார்ந்தவர்கள் விடிந்து எழுந்த கதைகளை நம் ஆலோசனை மேசைகளில் நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆண்டுக் கட்டணமோ இன்னும் மோசம், அடிக்கடி போகிறவனுக்கு அது மொத்த விலைத் தள்ளுபடி. என்னைக் கேட்டால் அதை எடுத்துவிடலாம்.

கட்டணத்தைவிட வலுவானது விலக்கு ஆணை. கேசினோவுக்குள் நுழைவதிலிருந்து ஒருவர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளலாம். நொடித்துப் போனவர்கள், அரசு நிதியுதவி பெறுபவர்கள் போன்றோர் சட்டப்படியே விலக்கப்படுகிறார்கள். கணவனை, மகனை, உடன்பிறந்தவரை விலக்கும்படி குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். இந்தக் கடைசி வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் ஆலோசனை மேசைக்கு ஒரு அம்மா வந்தார். கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினார். அடகுக்கடைச் சீட்டுகள் ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டது. மின்கட்டண எச்சரிக்கைக் கடிதம். வங்கிப் புத்தகம். கைப்பேசியில் ஒரு படம்: வீட்டுக் கதவில் வீசிய சிவப்புச் சாயமும், பக்கத்துச் சுவரில் வீட்டு எண்ணோடு எழுதிய மிரட்டலும். ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரரின் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குத் தேவையான ஆதாரம் அத்தனையும் அவரிடம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபின் அவர் கேட்ட ஒரே கேள்வி: “இத அவருக்குத் தெரியாமச் செய்ய முடியாதாங்க?” முடியாது. விசாரணைக் குழு முன்னால் கணவரும் வந்து உட்கார வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அது சரிதான், ஒருவர் பேச்சைக் கேட்காமல் அவர் உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் அந்த அம்மா காகிதங்களை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தது அடுத்த சாயம் விழுந்த பிறகுதான்.

இது எந்தப் புள்ளிவிவரத்தில் வரும்?

புள்ளிவிவரம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. தேசிய அளவில் நடந்த ஆய்வுகளின்படி, பிரச்சினைக்குரிய நிலையில் ஆடுபவர்கள் 2005ல் 4.1 சதவீதம். கூடங்கள் திறந்த மறு ஆண்டு, 2011ல், 2.6. 2014ல் 0.7. கேசினோ இல்லாதபோது அதிகம், வந்தபின் குறைவு! உரிமையாளர்கள் சார்பில் பேசுபவர்களுக்கு இதைவிட இனிய எண் கிடைக்காது. விலக்கு ஆணைகளும் ஆலோசனையும் விளம்பரமும் வேலை செய்தன என்பதை நான் நம்புகிறேன். ஆனால் இவை ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் வாயால் சொல்லக் கேட்டு எடுத்த எண்கள். கதவில் சாயம் காயாதவர் கதவைத் திறப்பாரா என்பதும் ஒரு கேள்வி. இன்னொன்றும் உண்டு: இந்த ஆய்வு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த வாசலின் மற்ற வழி வெளிநாட்டினருக்கானது, கட்டணம் இல்லை. லண்டனிலிருந்து வந்து மேல்மாடி நீச்சல் குளத்தில் படம் எடுத்துக்கொள்பவர் அந்த வழியில் போகிறார். துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்பக் கிளம்பியவரும் அதே வழியில்தான் போகலாம். புதுக்கோட்டையில் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் அடையாதவர் அவர். ஒரு நாளைய நுழைவு உங்களுக்கும் எனக்கும் 150 வெள்ளி, அவருக்கு இலவசம். யாரிடம் இழக்கப் பணம் குறைவோ அவருக்கு வாசலில் தடையும் குறைவு. இதை யாரும் சதி செய்து எழுதவில்லை. சட்டம் எழுதியவர்கள் மனத்தில் ‘வெளிநாட்டினர்’ என்றால் விமானத்தில் வந்து ஹோட்டலில் தங்குபவர். கட்டுமானச் சாரத்தில் நிற்பவர் அந்தச் சொல்லுக்குள் தற்செயலாக விழுந்துவிட்டார்.

தம்மைத் தாமே விலக்கிக்கொண்டவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டு ஊழியர்கள் என்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதலாளி சொல்லிப் படிவம் போட்டவர்களும் அதில் உண்டு, பயந்து தாமே போட்டவர்களும் உண்டு. ஆபத்தை அவர்கள் நம்மைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். குடும்பம் விண்ணப்பிக்கும் வழி அவர்கள் விஷயத்தில் நடைமுறைக்கு வருவதில்லை. மனைவி கடலுக்கு அப்பால். இந்த மாதம் ஏன் பணம் வரவில்லை என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் விளக்கம் “கம்பெனியில சம்பளம் லேட்டு” என்பது மட்டும்தான்.

பொருளியல் படித்த நண்பர்கள் என்னோடு வாதாடுவார்கள். தோற்றவன் பணம் எங்கும் ஆவியாகவில்லை, கைதான் மாறியது, அதைச் சமூக நஷ்டம் என்று எழுதக்கூடாது என்பார்கள். பணத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் கைமாறும்போது வேலை போகிறது, வழக்கு வருகிறது, பிள்ளை துணைப்பாட வகுப்பிலிருந்து நிற்கிறது, ஒரு ஆலோசகரின் முழு மதியம் போகிறது. இவை கைமாறவில்லை, அழிந்தன. இன்னொரு வாதம்: வெளிநாட்டினர் பணத்தில் வருமானம் நமக்கு, சேதம் அவர் நாட்டுக்கு. கணக்கு எழுதுபவருக்கு இது லாபம். ஜகார்த்தாவிலோ புதுக்கோட்டையிலோ ஒரு வீட்டில் விழுந்த சேதம் நம் ஏட்டில் பூஜ்யம் என்பதால் அது பூஜ்யம் ஆகிவிடாது. உல்லாசத் தளத்தின் பரப்பில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவான இடம்தான் சூதாட்டத்துக்கு என்று அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். வருமானத்தின் பெரும்பகுதி அந்தச் சிறு இடத்திலிருந்து வருகிறது என்பதும் உண்மை.

சேதம் உடனே தெரிவதுமில்லை. அமெரிக்க மாவட்டங்களை ஆராய்ந்த கிரினோல்ஸ், மஸ்டர்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2006ல் வெளியிட்ட கட்டுரையில், கேசினோ வந்த முதல் ஆண்டுகளில் குற்றம் பெரிதாக ஏறவில்லை, சில ஆண்டுகள் கழித்தே ஏறியது என்றார்கள். அவர்கள் முறையை மறுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தாமதம் நமக்குப் புரியாதது அல்ல. முதலில் சேமிப்பு கரையும், பிறகு நகை, பிறகு தம்பியிடம் கைமாற்று, அதற்குப் பிறகுதான் அலுவலகக் கல்லாவில் கை. திறந்த இரண்டாம் ஆண்டில் ஆய்வு நடத்தி ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதுபவர் நகைப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

கைப்பேசி வந்தபின் இடத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் போட்டது நினைவிருக்கும். ஒரு சிறுவன் சோகமாக உட்கார்ந்திருப்பான். ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பையெல்லாம் அப்பா அவர்கள் மேல் கட்டிவிட்டார் என்பான். ஜெர்மனி ஜெயித்தே விட்டது! உலகமே சிரித்தது, அந்த அப்பா சாமர்த்தியசாலி ஆகிவிட்டார். பந்தயம் கட்ட அவருக்குக் கூடமும் தேவைப்படவில்லை. ஆயினும் கைப்பேசிக்கும் வாசல் உண்டு: வங்கிக் கணக்கு, அடையாளச் சோதனை, தொகை வரம்பு. இடத்தைப் பற்றிய பாடம் அங்கேயும் செல்லும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

2019ல் இரு தளங்களையும் நடத்தும் நிறுவனங்களோடு அரசு செய்த ஏற்பாட்டின்படி, 900 கோடி வெள்ளி விரிவாக்கத்துக்குப் பதிலாக, வேறு யாருக்கும் கேசினோ உரிமம் இல்லை என்ற உறுதி 2030 இறுதி வரை நீடிக்கிறது. அதற்குப் பிறகு மூன்றாவது இடம் பற்றிய பேச்சு எழாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜப்பான் ஒசாகாவில் ஒரு செயற்கைத் தீவில் கட்டிக்கொண்டிருக்கிறது. போட்டி என்ற சொல் அப்போது நிச்சயம் வரும். அந்தப் பேச்சு தொடங்கும்போது எந்தக் கடற்கரை, எந்த எம்ஆர்டி நிலையம் என்று நாம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இருக்கிற வாசல்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

என் கோரிக்கை சிறியது. வேலை அனுமதிச்சீட்டில் இங்கே உழைப்பவர் யாரும் இயல்பாகவே விலக்குப் பட்டியலில் இருக்கட்டும். போக விரும்புபவர் தாமே கேட்டு, பெயரை எடுத்துக்கொண்டு, நம்மைப் போல் 150 வெள்ளி கட்டிப் போகட்டும். இன்று படிவம் போட்டால் விலக்கு. நாளை படிவம் போட்டால் அனுமதி. இவ்வளவுதான் மாற்றம். இது பாகுபாடு இல்லையா என்று, சென்ற முறை இதைச் சொன்னபோது ஒரு இளைஞர் கேட்டார். மக்காவ் தன் அரசு ஊழியர்களைச் சீனப் புத்தாண்டின் சில நாள்கள் தவிர உள்ளே விடுவதில்லை, கேசினோ ஊழியர்களை வேலை நேரத்துக்கு வெளியே விடுவதில்லை. அங்கே யாரும் அதை இழிவாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சுற்றுப்பயணிக்குக் கொடுத்த சலுகையை இங்கே உழைப்பவருக்கும் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று அழைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்த இளைஞர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. தங்குவிடுதியில் இருப்பவர்களைக் கேட்டீர்களா என்றார். அது சரியான மறுப்பு. அடுத்த மாதம் துவாஸில் நடக்கும் மருத்துவ முகாமில் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழிலும் வங்காள மொழியிலும் கொடுக்கப் போகிறோம். பெயர் கேட்கமாட்டோம். உதவ விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசையில் பெயர் கொடுங்கள். இப்போது உங்கள் கேள்விகள்.